மடிப்பில் விழுந்த தெரு

கப்பல் ஆறு மணி நேரம்தான் நிற்கும்.
அதற்குள் த்ரியெஸ்தே முழுசாக வேண்டும் அவர்களுக்கு.

வரைபடத்தைப் பிரிப்பேன்,
நீலப் பேனாவால் ஐந்து வட்டம்.
முதலாவது சதுக்கம்:
மூன்று பக்கம் மாளிகைகள், நாலாவது பக்கம்
கட்ட மறந்துபோன சுவர் மாதிரி கடல்.
அடுத்தது கல்லால் ஆன துறை. நடந்துகொண்டே இருங்கள்,
தண்ணீர் வந்ததும் திரும்பிவிடுங்கள் என்பேன்.
சிரிப்பார்கள், தினமும், அதே இடத்தில்.
பிறகு நீலக் குமிழ்மாடங்கள் வைத்த
செர்பியத் தேவாலயம். பிறகு
ஊருக்கு வெளியே வெள்ளைக் கோட்டை,
அங்கே தூங்கியவன் அந்நிய மண்ணில் சாவான் என்பார்கள்,
பார்க்கத்தானே போகிறீர்கள், பயமில்லை.
ஐந்தாவது காப்பி.
வெறும் காப்பி என்று கேட்டால் முறைப்பார்கள்,
'காப்போ இன் பி' என்று சொல்லுங்கள்,
சின்னக் கண்ணாடித் தம்ளரில் நுரையோடு வரும்.

பதினொரு வருடமாக இதேதான்.
தூக்கத்தில்கூட உன் கை
போர்வைமேல் வட்டம் போடுகிறது என்கிறான் மிர்கோ.

யாரிடமும் சொல்லாத ஒன்று:
இந்த வரைபடத்தை எட்டாக மடித்தால்
நான் குடியிருக்கும் சான் ஜாக்கமோ
சரியாக மடிப்பின்மேல் விழுகிறது.
நாலு தடவை பிரித்து மூடினால் போதும்,
முதலில் நைந்துபோவது எங்கள் தெரு.
கப்பல் பட்டறைக்காரர்கள் கட்டிய ஐந்து மாடிகள்,
ஆணியை எண்ணி விற்கும் கடை,
ஜனவரியில் போரா அடிக்கும்போது
மூலையில் கட்டிவிடும் கயிறு
(பால் பாட்டிலும் நானுமாக
ஒருமுறை அதில் தொங்கியிருக்கிறோம்),
எல்லாம் ஒரு வெள்ளைக் கீறலாகிவிடும்.

ஜூலையில் ஒருநாள்
கிராட்ஸிலிருந்து ஒரு தம்பதி, ஹெரிபெர்ட், டிராவுடல்.
இவர்கள் கப்பலில் வரவில்லை, அவசரமும் இல்லை.
குளிக்க எங்கே போகலாம் என்றார் அவர்.
கலங்கரை விளக்கத்துப் பக்கம் ஒன்று உண்டு,
கூழாங்கல் கரை, நடுவே சுவர்,
ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்றேன்.
இந்தக் காலத்திலா?
இந்தக் காலத்தில்தான். எடுத்துவிடலாமா என்று
யாராவது வாய் திறந்தால்
முதலில் சண்டைக்கு வருவது பெண்கள்.
நாற்பத்திரண்டு வருடமாக
சேர்ந்தேதான் நீந்துகிறோம் என்றார்.
டிராவுடல் ஒன்றும் சொல்லவில்லை.
பேனாவை என் கையிலிருந்து வாங்கி
அவளே வட்டம் போட்டாள்.

மாலை ஐந்தரைக்கு அவர் மட்டும் வந்தார்,
தோளில் ஈரத்துண்டு, மூக்கு சிவந்திருந்தது.
சுவருக்கு அந்தப் பக்கம் ஓயாத சிரிப்பு,
அதில் எது அவளுடையது என்று
எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றார்.
நாற்காலி போட்டேன்.
இதுவரை ஒரே ஒரு தடவை
யாருக்கோ நாற்காலி போட்டிருக்கிறேன்,
அது மயக்கம் வந்தவருக்கு.

ஆறே முக்காலுக்கு அவள் வந்தாள்,
தலைமுடி சொட்டச் சொட்ட, வாயெல்லாம் பல்லாக.
சீட்டாட்டம் கற்றுக்கொண்டாளாம், தோற்றாளாம்,
தக்காளி அடைத்த ரொட்டி தின்றாளாம்.
கையில் ஒரு துண்டுச் சீட்டு.
நீவெஸ் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாள்,
மத்தி மீன், நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது,
இந்த முகவரி எங்கே என்று காட்டுவாயா?

ஹெரிபெர்ட்டைப் பார்த்தாள். நீயும்தான், வா.

வரைபடத்தை என்முன் விரித்தாள்.
ஒரே நாளில் கடல்நீர் பட்டு, வெயிலில் காய்ந்து,
நாலு தடவை மடிபட்டு வந்த காகிதம்.
முகவரியைப் படித்தேன்.
எங்கள் வீட்டுக்கு மூன்று வாசல் தள்ளி.
நீவெஸை எனக்குத் தெரியும்,
ஆணிக் கடையில் எனக்கு முன்னால் நின்று
அரை மணி நேரம் பேசுபவள்.

பேனாவை வைத்தேன்.
அங்கே காகிதமே இல்லை,
மேசை தெரிந்தது.
மேசைமேல் போட்டேன் வட்டம்.
இன்னும் அழிக்கவில்லை.